மோர் குடித்த கல்

பாளையங்கோட்டை பெத்தேல் தெருவில் ஜெபகனி டீச்சருக்குத் தெரியாமல் யார் வீட்டுக் குக்கரும் விசில் அடித்துவிட முடியாது. டீச்சர் என்பது தெரு கொடுத்த பட்டம்தான். அவள் ஒரு நாளும் வகுப்பெடுத்தவள் இல்லை. முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட ஆபீசில் மாற்றுச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தவள். எந்தப் பிள்ளை எந்த ஊருக்குப் போகிறது, எதற்காகப் போகிறது, அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் நடுவில் என்ன தகராறு என்பதெல்லாம் அந்தச் சான்றிதழோடு சேர்ந்து அவள் மேஜைக்கு வந்துவிடும். ஓய்வு பெற்றதும் சான்றிதழ் நின்றது. சேதி நிற்கவில்லை. தெருவில் அவளுக்கு 'ஏழு மணிச் செய்தி' என்று இன்னொரு பெயரும் உண்டு. அது அவளுக்கும் தெரியும். அந்தப் பெயரை வைத்தது யார் என்பதும் தெரியும்.

அப்படிப்பட்டவளுக்கு, ஒரே ஒரு மதில் தள்ளியிருக்கும் பக்கத்து வீட்டில் நேசையா மூன்று வருஷமாக என்னதான் செய்கிறார் என்பது பிடிபடவில்லை என்றால் சாப்பிட்ட சோறு எப்படிச் செரிக்கும்?

நேசையா நெடுஞ்சாலைத் துறையில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபது. மனைவி தவறி ஆறு வருஷமாகிறது. ஒரே மகள் ஸ்வீட்லினுக்கு ஜப்பானில், கியோத்தோ என்ற ஊரில் கம்ப்யூட்டர் வேலை. மகளிடம் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தார். வெளிநாடு போனவர்கள் திரும்பும்போது சாக்லேட் கொண்டுவருவார்கள், தைலம் கொண்டுவருவார்கள். இவர் ஒரு யோசனையைக் கொண்டுவந்தார். வந்த மறுவாரமே வீட்டுக்குப் பின்னாலிருந்த எட்டு சென்ட் இடத்தில் வேம்பு ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வழித்து எறிந்தார். வாழை போயிற்று. முருங்கையும் போயிற்று. முருங்கை போனதில் ஜெபகனிக்குத் தனிப்பட்ட வருத்தம் உண்டு. அதில் பாதி மதிலுக்கு இந்தப் பக்கம்தான் காய்த்துக்கொண்டிருந்தது.

பிறகு லாரியில் கல் வந்தது. வல்லநாட்டுப் பக்கம் யாரோ கிணறு வெட்டிப் போட்ட கற்கள். கொண்டுவந்த கூலியாள் சங்கிலிபூதத்தான் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு கேட்டான்.

"இதை வச்சு என்ன கட்டப்போறிய அண்ணாச்சி?"

"ஒண்ணும் கட்டல. சும்மா நட்டு வைக்கணும்."

"சும்மா நடக்கூடாது அண்ணாச்சி. சாமி இல்லாத எடத்துல கல்லை நட்டா, சாமி ரெண்டு நாள் பாக்கும், மூணாம் நாள் அதுவா வந்து உக்காந்துக்கிடும். பொறவு வருஷாவருஷம் திருவிழா எடுத்துக் கொடை குடுக்கணும். உங்களால முடியுமா?"

நட்டு முடித்துப் போகும்போது, எதற்கும் இருக்கட்டும் என்று நெட்டைக் கல்லின் அடியில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து, கொஞ்சம் மஞ்சளும் பூசிவிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த குருவானவர் அதைப் பார்த்துவிட்டார். அன்று அவர் ஜெபம் பண்ணும்போது குரலை ஏன் அவ்வளவு உயர்த்தினார் என்பது திங்கட்கிழமை காலையிலேயே தெருவுக்கு விளக்கப்பட்டுவிட்டது. விளக்கியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

கல்லுக்குப் பிறகு வெள்ளைச் சல்லி வந்தது. அதைக் கற்களைச் சுற்றிக் கொட்டிப் பரப்பி, மரத்தில் ஒரு பெரிய சீப்புச் செய்து, தினமும் காலையில் கோடு கோடாக இழுத்தார். எதிர்வீட்டு ஷரீபா பீவி, தையல் மெஷினை விட்டு எழுந்து மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"யக்கா, மனுசன் மண்ணுக்குத் தலை சீவுதாரு!"

"பேன் பாக்கலியா?"

"அது நாளைக்கு."

கல்லறைக்குக் கல் செதுக்குகிறவரிடம் சொல்லி ஒரு கல்விளக்கு செய்து வைத்தார். உடனே, மனிதர் தன் சமாதியைத் தானே கட்டிக்கொள்கிறார் என்று ஒரு பேச்சு ஓடியது. பாட்டி காலத்து ஆட்டுரலைக் கவிழாமல் பாதி புதைத்து, குழியில் தண்ணீர் நிரப்பினார். நடப்பதற்குப் பதினேழு தட்டைக் கற்களைப் பதித்தார். அதன் பிறகுதான் பெரிய வேடிக்கை. சாயங்காலம் ஆனால் ஒரு கிண்ணத்தில் மோரைக் கரைத்துக்கொண்டு வந்து, பெயின்ட் அடிக்கிற பிரஷால் அந்தப் பதினேழு கல்லுக்கும் பூசினார்.

"கல்லுக்கு மோர் ஊத்துதாரு யக்கா. நம்ம கேட்டா ஒரு தம்ளர் குடுப்பாரா?"

"கல்லாப் பொறந்திருக்கணும் ஷரீபா" என்றாள் ஜெபகனி.

எல்லாவற்றையும் தெரு பொறுத்துக்கொண்டது, ஒன்றைத் தவிர. ஒரு மூங்கில் குழாயைச் சாய்த்துக் கட்டி, அதில் தண்ணீர் சொட்டும்படி வைத்திருந்தார். குழாய் நிறைந்ததும் தலை கவிழ்ந்து தண்ணீரைக் கொட்டிவிட்டு, திரும்பி வந்து கல்லில் இடிக்கும். டொக். ஒன்றரை நிமிஷத்துக்கு ஒரு டொக். ஜெபகனிதான் நாலு வீடு ஏறி இறங்கி, தலைவலிக்காரர்களையும் தூக்கம் வராதவர்களையும் திரட்டிக்கொண்டு போய்ச் சொன்னாள். நேசையா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. உள்ளே போய் ஒரு கயிற்றை எடுத்துவந்து மூங்கிலைக் கட்டிப் போட்டார். சண்டைக்குத் தயாராகப் போனவளுக்கு அது சப்பென்று ஆகிவிட்டது.

இதெல்லாம் எதற்கு என்பதை அவள் கண்டுபிடிக்காமலும் இல்லை. மதிலோரம் அவளுடைய துவைகல் இருக்கிறது. அதன்மேல் ஏறி நின்றால் தோட்டம் முழுதும் தெரியும். அவர் மகளோடு போனில் பேசுவதும் கேட்கும். ஸ்வீட்லின் நாலு வருஷத்துக்கு முன்னால் வந்தபோது இரண்டு வார விடுப்பில்தான் வந்தாள். ஒரு பக்கம் அம்மன் கொடை, ஒரு பக்கம் சபை கன்வென்ஷன், இரண்டுக்கும் நடுவில் தேர்தல். மூன்று மைக்கும் சேர்ந்து பாடியதில், "காது வலிக்குதுப்பா, தலை சுத்துதுப்பா" என்று ஐந்தாம் நாளே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

"இப்ப இங்கன சத்தமே கிடையாதும்மா" என்று அவர் போனில் சொல்லுவார். "உங்க வீட்டுப் பக்கத்துல ஒரு தோட்டம் இருக்குமே, அதே மாதிரி போட்டிருக்கேன். வந்து பாரு. வந்தா நீயே போக மாட்டே."

அதைக் கேட்டுவிட்டு ஜெபகனி மறுநாள் தெருவில் சொன்னது: "மகளைப் பிடிக்கதுக்குக் கண்ணி வச்சிருக்காரு." எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவள் வீட்டு மேல் அறையில் ஏசி ஒன்று இருக்கிறது. கனடாவிலிருக்கும் மகன் மெர்வினுக்காக மாட்டியது; அவனுக்காகவே மேல்நாட்டு மாதிரிக் கழிப்பறையும் கட்டினாள். அவன் ஒரு தடவை வந்தான். நாலு நாள் இருந்தான், அதில் ஒரு நாள் கொடைக்கானல். இப்போது ஏசிக்கு ஷரீபா பீவி தைத்துக் கொடுத்த பூப்போட்ட உறை மாட்டியிருக்கிறது. அந்தச் சேதியை அவள் யாருக்கும் சொன்னதில்லை.

சொல்லாத சேதி இன்னொன்றும் உண்டு.

போன வருஷம் ஐப்பசி மழையில் துவைகல்லில் பாசி பிடித்திருந்தது. தேய்க்க வேண்டும், தேய்க்க வேண்டும் என்று நாளைத் தள்ளியிருந்தாள். ஒரு நாள் பன்னிரண்டு மணிக்கு மதிலுக்கு அந்தப் பக்கம் ஏதோ சத்தம் கேட்க, என்ன புதுசு என்று பார்க்க ஏறினாள். ஒரு கால்தான் வைத்தாள். பிறகு அவள் பார்த்தது வானத்தை. இடுப்புக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை. கூப்பிட்டாள். முதலில் ஷரீபாவை, பிறகு இயேசுவை, பிறகு மெர்வினை. கடைசியில் பெயரே இல்லாமல் வெறும் சத்தமாக. மழை வந்தது, நின்றது, மறுபடி வந்தது. முழங்கையால் ஊன்றி ஊன்றி அடுப்படிப் படிக்கு வந்து சேர்ந்தபோது சுவரில் மணி நாலு. தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று சொல்லக்கூடியவள் நாலு மணி நேரம் மழையில் கிடந்தது ஒருவருக்கும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில், டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்ததாகச் சொன்னாள். மெர்வினிடமும் அதையேதான் சொன்னாள். எட்டிப் பார்க்க ஏறி விழுந்தேன் என்று எந்த வாயால் சொல்ல? இடுப்பு எலும்பில் கீறல். மூன்று மாதம் படுக்கை. எழுந்தபோது கையில் ஒரு ஊன்றுகோல் இருந்தது. துவைகல் ஏறுகிற காலம் முடிந்துவிட்டது.

எட்டிப் பார்க்க முடியாதவள் என்ன செய்வாள்? தைமாதம் ஒரு நாள் தட்டில் நாலு துண்டு கேக்கை வைத்து மூடிக்கொண்டு, நேர்வழியாகவே நேசையா வீட்டுப் பின்கதவைத் தட்டினாள். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவில் அவர் ஒரு மூங்கில் படல் போட்டிருந்தார், குனிந்துதான் நுழைய வேண்டும். இவளைப் பார்த்ததும் ஊன்றுகோலைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

"செருப்பை அங்கன விட்டுட்டு வாங்க டீச்சர். ஒண்ணே ஒண்ணு. உள்ள பேசக் கூடாது."

"பேசாம?"

"உக்காரணும்."

வேப்பமர நிழலில் ஒரு பலகை மேடை. ஜப்பான் பாய்க்குப் பதிலாகப் பத்தமடைப் பாய் விரித்திருந்தார். அவளால் தரையில் உட்கார முடியாது என்று கண்டதும் எழுந்து போய், மொட்டை மாடியில் கிடந்த நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிவந்து பாய்க்குப் பக்கத்தில் போட்டார். அந்த வெள்ளைச் சல்லிக்கும் கல்லுக்கும் நடுவில் அது கல்யாண மண்டபத்திலிருந்து வழிதவறி வந்தது போல இருந்தது.

முதல் நாள் ஆறு நிமிஷம் தாங்கினாள். "அண்ணாச்சி, கேட்டியளா, அந்தக் கடைசி வீட்டு எபனேசர் மவ இருக்காள்லா..." என்று தொடங்கினாள். நேசையா உதட்டில் விரலை வைத்தார். எபனேசர் மகள் பாதியில் நின்றாள். அவள் என்ன ஆனாள் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது. அவர் கேட்கவும் இல்லை. மனித ஜென்மத்தில் இப்படி ஒருவர் உண்டா என்று ஜெபகனி வீடு வரை பொருமிக்கொண்டே போனாள்.

ஆனால் மறுநாளும் ஐந்து மணிக்குப் போனாள். அதற்கு மறுநாளும். சல்லியில் இழுத்த கோட்டின் மேல் வேப்பம்பூ விழும். ஆட்டுரல் தண்ணீரில் ஒரு தவிட்டுக்குருவி வந்து குளிக்கும். அவர் ஒரு கல்லைப் பார்ப்பார். அவள் அவர் பார்க்கும் கல்லைப் பார்ப்பாள். அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஆறு மணிக்கு அவர் எழுந்து, "சரி டீச்சர்" என்பார். அவ்வளவுதான் பேச்சு.

இரண்டு மாதம் கழித்துத்தான் அவளுக்கு ஒன்று உறைத்தது. தெருவில் எல்லாரும் அவளைப் பார்த்ததும், "என்னக்கா சேதி?" என்றுதான் கேட்கிறார்கள். சேதி இல்லாத நாளில் அவளிடம் நிற்பதற்கு ஆளில்லை. சேதி வேண்டாம், சும்மா வந்து உட்கார் என்று சொன்னவர் இந்த ஒரு மனுஷர்தான். நாலரை மணிக்கே முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். ஷரீபா பீவி அதைக் கவனிக்காமல் இல்லை.

"யக்கா, டெய்லி ஜப்பானுக்குப் போயிட்டு வாரிய. என்ன பேசுவிய?"

"ஒண்ணும் பேச மாட்டோம்."

"யா அல்லாஹ்! நீங்களா?" என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கார்த்திகையில் நேசையா முகம் மாறியது. கிறிஸ்துமசுக்கு ஸ்வீட்லின் வருகிறாள். சும்மா வரவில்லை, உண்டாகி வருகிறாள். "அஞ்சு மாசத்துல பிளைட்ல ஏறலாம்னு டாக்டர் சொன்னாவளாம்மா? நல்லாக் கேட்டியா?" என்று அவர் போனில் கேட்டது மதில் தாண்டி வந்தது. ஏறித்தான் பார்க்க முடியாதே தவிர, காதுக்கு ஊன்றுகோல் தேவையில்லை. கால் மணி நேரத்தில் தெரு முழுதும் ஸ்வீட்லினுக்கு ஐந்து மாதம்.

மகளைக் கூட்டிவர நேசையா இரண்டு நாள் முன்னதாகவே சென்னைக்கு ரயிலேறினார். போகும்போது படல் சாவியை ஜெபகனி கையில் கொடுத்தார். கூடவே ஒரு துண்டுச் சீட்டு, எஞ்சினியர் கையெழுத்தில்: 'தினம் ஐந்து தடவை தண்ணீர் தெளிக்கவும். வாளியால் கொட்டக் கூடாது. கையால் தெளிக்கவும்.'

சாவி கொடுக்கிற அளவுக்கு ஒருத்தர் தன்னை நம்பி எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவள் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணினால் அழுகை வரும்.

முதல் நாள் காலையில் தெளிக்கப் போனவள், தலையில் கை வைத்துக்கொண்டாள். ஒரு வருஷமாக உட்கார்ந்து பார்த்தது வேறு. பக்கத்தில் குனிந்து பார்ப்பது வேறு. பதினேழு கல்லிலும் பாசி. ஓரத்தில் மட்டுமில்லை, மேலெல்லாம் கைவிரல் கனத்துக்குப் பச்சைப்பசேல் என்று மெத்தை போட்டிருந்தது. ஆட்டுரலின் கழுத்து வரை ஏறியிருந்தது. நாளைக்கு ஐந்து தடவை தண்ணீர், போதாததற்கு மோர். பிடிக்காமல் என்ன செய்யும்? ஆம்பிளை, தேய்க்கத் தெரியவில்லை. இந்தப் பாதையில்தான் மாசமாக இருக்கிற பெண் நடக்கப் போகிறாள்.

பாசியைத் தேய்க்கக் கூடாது என்று சீட்டில் எழுத நேசையாவுக்குத் தோன்றவில்லை. தேய்க்காமல் விடலாம் என்று பாளையங்கோட்டையில் எந்தப் பொம்பளைக்கும் தோன்றாது.

கடைக்குப் போய் ஒரு கிலோ பிளீச்சிங் பவுடர் வாங்கினாள். வீட்டிலிருந்து தேங்காய் நாரும் ஒரு குட்டி முக்காலியும் கொண்டுவந்தாள். முக்காலியில் உட்கார்ந்து ஒரு கல், பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து முக்காலியை நகர்த்தி அடுத்த கல். கைவிரல் நுனியெல்லாம் வெந்தது. ஷரீபா பீவி எட்டிப் பார்த்து, "ஒங்களுக்கு எதுக்குக்கா இந்த வேலை?" என்றதற்கு, "பிள்ளைத்தாச்சி நடக்கிற எடம்ளா" என்று மட்டும் சொன்னாள். ஒன்றரை நாள் ஆயிற்று. கடைசிக் கல்லில் தண்ணீர் ஊற்றியபோது பதினேழும் பல் விளக்கின மாதிரிப் பளிச்சென்று இருந்தன. ஸ்வீட்லின் இதில் கால் வைக்கிறதைக் கற்பனையில் பார்த்தாள். 'யாருப்பா இவ்வளவு சுத்தமா வச்சிருக்கது?' என்று அவள் கேட்க, நேசையா முதன்முதலாக வாய் திறந்து, 'நம்ம டீச்சர்தான்' என்று சொல்ல... அந்த இடத்தில் அவளே வெட்கப்பட்டுக் கற்பனையை நிறுத்திக்கொண்டாள். அன்றைக்குத் தேங்காய்ப்பால் பிழிந்து சொதி வைத்து, ஆப்பத்துக்கும் மாவு கரைத்து வைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் டாக்சி வந்தது. எதிர் மாடியிலிருந்து ஷரீபா பீவிதான் முதலில் பார்த்தாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"யக்கா, ஒத்தையில வாராரு."

நேசையாவின் கையில் அவர் கொண்டுபோன அதே ஒரு பைதான் இருந்தது. ஜெபகனி கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார். "கடைசி நேரத்துல டாக்டர் வேண்டாம்னுட்டாராம். லேசா ரத்தம் பட்டிருக்கு. பயப்பட ஒண்ணும் இல்லையாம். படுத்தே இருக்கணுமாம்." பையைக் கீழே வைத்தார். "நான் சென்னையில எறங்கின பொறவுதான் போன் வந்துச்சு. கிறிஸ்துமஸ் கூட்டத்துல டிக்கெட் இல்ல. ஸ்டேஷன்லயே ரெண்டு நாள் இருந்துட்டு, கிடைச்ச ரயிலைப் பிடிச்சு வந்துட்டேன்."

"குழந்தை பொறந்த பொறவு வருவா அண்ணாச்சி."

"அப்பமும் நான்தான் அங்க வரணுமாம். குழந்தைக்கு இங்க ஒத்துக்கிடாதாம்."

மணி ஐந்து. அவர் சட்டைகூட மாற்றாமல் தோட்டத்துப் பக்கம் நடந்தார். பின்னாலேயே அவளும் போனாள். படலில் குனிந்து நுழைந்து, செருப்பைக் கழற்றி, முதல் கல்லில் கால் வைத்தவர் அப்படியே நின்றார். பிளீச்சிங் வாசனை இன்னும் போகவில்லை. மெல்லக் குனிந்து, கல்லைக் கையால் தடவினார்.

பேசக் கூடாத இடத்தில் ஜெபகனிதான் முதலில் பேசினாள். "பதினேழையும் தேய்ச்சிட்டேன் அண்ணாச்சி. உரலைக்கூட விடல. இனி யாரு நடந்தாலும் வழுக்காது."

அவர் இரண்டாவது கல்லைத் தடவினார். மூன்றாவதைத் தடவினார்.

"மூணு வருஷம்" என்றார்.

"ஆமா, மூணு வருஷத்து அழுக்கு. கை வெந்து போச்சு."

நேசையா திரும்பிப் பார்த்தார். கோபம் என்று சொல்ல முடியாது. தன் வீட்டு எண்ணை மறந்துவிட்டுத் தெருவில் நிற்கிறவர் பார்க்கிற பார்வை.

"அது அழுக்கு இல்ல டீச்சர். அதைத்தான் வளத்தேன்."

"எதை?"

"பாசியை."

ஜெபகனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாசியைப் போய் யாராவது வளர்ப்பார்களா? ஆனால் அவர் சிரிக்கவில்லை.

"பாசிதான் தோட்டம். கல்லு சும்மா, அது படுக்கதுக்கு. கால்வாய்ப் படியில இருந்து கரண்டியால சுரண்டிச் சுரண்டிக் கொண்டாந்தேன். மோர் ஊத்தினது அதுக்கு. சித்திரை வெயில்ல ஈரச்சாக்குப் போட்டு மூடி வச்சேன். ஜப்பான்ல நூறு வருஷத்துப் பாசி உண்டு. ஸ்வீட்லின் காலைக் கழுவிட்டு அதும் பக்கத்துல போய் உக்காந்துருவா."

"நீங்க ஒரு வார்த்தை சொல்லலியே அண்ணாச்சி! ஒரு வருஷமா உங்க பக்கத்துலதான இருக்கேன். பேசக் கூடாதுன்னுல்லா உக்காத்தி வச்சிய!"

அவர் கல்லிலிருந்து கையை எடுத்தார். "தண்ணி தெளிக்கத்தான சொன்னேன். ஏன் தேய்ச்சிய?" என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும். எதிர்க்குரல் கொடுப்பது அவளுக்குக் கைவந்த கலை.

வாயில் ஆயிரம் பதில் வந்தது. எல்லாம் அடுத்தவரைப் பற்றிய பதில்கள். அவற்றைத் தள்ளிவிட்டு, அடியில் கிடந்ததை எடுத்தாள்.

"நான் பஸ்ஸுல இருந்து விழல அண்ணாச்சி. போன வருஷம் ஐப்பசியில, எங்க வீட்டுத் துவைகல்லுல ஏறி, உங்க தோட்டத்தை எட்டிப் பாக்கப் போயி, பாசி வழுக்கி விழுந்தேன். பன்னெண்டு மணியில இருந்து நாலு மணி வரைக்கும் மழையில கெடந்தேன். ஒரு நாதி வரல. கூப்பிட்டுப் பாத்தேன். அந்தப் பிள்ளைக்கும் அப்படி ஆயிரக் கூடாதுன்னுதான்..."

சொல்லி முடித்ததும் உடம்பு லேசானது போல இருந்தது. தன்னைப் பற்றி அவள் ஒருவரிடம் சொன்ன முதல் சேதி.

நேசையா மேடையின் ஓரத்தில் உட்கார்ந்தார். மதிலைப் பார்த்தார். மதிலுக்கும் அவர் மோர்ப் பிரஷ் வைக்கிற மாடத்துக்கும் நாலடிகூட இருக்காது.

"ஒரு வியாழக்கிழமையா?" என்றார்.

அவள் தலையாட்டினாள்.

"கேட்டுது டீச்சர்."

வேப்பமரத்திலிருந்து ஒரு காகம் பறந்தது.

"மூங்கிலைக் கட்டிப் போட்டதுல இங்கன ஒரு சத்தமும் கிடையாது. நல்லாத் தெளிவாக் கேட்டுது. ஷரீபாவைக் கூப்பிட்டிய. பொறவு வேற என்னமோ. நீங்க வழக்கம்போல யாரையோ பத்தி நாயம் பேசுதியன்னு நெனச்சேன். சத்தம் ரொம்ப நேரம் நிக்கல. தொந்தரவா இருக்கேன்னு எந்திரிச்சு உள்ள போய்க் கதவைச் சாத்திட்டேன்."

முப்பது நாற்பது வருஷம் தெருவில் ஓயாமல் ஒலித்த குரல் ஜெபகனியுடையது. அதில் எது சேதி, எது கூப்பாடு என்று யார் பிரித்துப் பார்ப்பார்கள்? அன்றைக்கு அவர்கள் ஆறு மணி வரை உட்காரவில்லை. அவர் மேடையை விட்டு எழவில்லை. "சரி டீச்சர்" என்றும் சொல்லவில்லை. அவள் சாவியை நீல நாற்காலியின் மேல் வைத்துவிட்டு, பளபளக்கும் கற்களின் மேல் ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி வெளியே வந்தாள். வழுக்கவே இல்லை. சொதியை இரண்டு நாள் அவளே சூடுபண்ணிச் சாப்பிட்டாள்.

மறுநாள் ஐந்து மணிக்குப் பின்கதவு சாத்தியிருந்தது. அதற்கு மறுநாளும். கிறிஸ்துமஸ் வந்தது. கேரல்ஸ்காரர்கள் இரண்டு வீட்டு வாசலிலும் ஒரே பாட்டைப் பாடிவிட்டுப் போனார்கள். மெர்வின் வீடியோவில் வந்து, பனியைக் காட்டினான். பதினோரு நாள். ஒவ்வொரு நாளும் நாலரைக்கு முகம் கழுவிப் பவுடர் போட்டு, கட்டிலில் உட்கார்ந்து, ஆறு மணிக்குத் துடைத்துக்கொண்டாள்.

தெரு சும்மா இருக்குமா? ஏன் அந்தப் பிள்ளை வரவில்லை, புருஷனோடு சண்டையா, ஜப்பான் தோட்டத்துக்கு டீச்சர் ஏன் போகவில்லை என்று ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். எல்லாருக்கும் அவள் ஒரே பதில்தான் வைத்திருந்தாள்: "தெரியலையே." அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்ததை நம்ப முடியாமல், உடம்புக்கு ஏதாவதா என்று ஷரீபா பீவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பன்னிரண்டாம் நாள் காலையில் துவைகல் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு சேலையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம்.

டொக்.

கை நின்றது. தண்ணீர் சொட்டுகிற மெல்லிய ஓசை கேட்டது. காத்திருந்தாள். ஒன்றரை நிமிஷம் இவ்வளவு நீளமா? மறுபடி டொக்.

கயிறு மழையில் இற்று அறுந்துவிட்டதா, அவர்தான் அவிழ்த்துவிட்டாரா? மதிலுக்கு அந்தப் பக்கம் அவர் நிற்கிறாரா, நின்று இந்தப் பக்கம் காது கொடுக்கிறாரா? கல்லில் மறுபடி மோர் பூசியிருக்கிறாரா? அந்த நீல நாற்காலி கிடக்கிறதா, மாடிக்கே போய்விட்டதா? துவைகல்லில் இப்போது பாசி இல்லை. பிளீச்சிங் பவுடரில் மிச்சமிருந்ததை அதற்குத்தான் போட்டிருந்தாள். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து, ஒரு கையால் மதிலைப் பிடித்தால் ஏறிவிடலாம். ஒரு தரம் பார்த்தால் போதும்.

எதிர் மாடியிலிருந்து ஷரீபா பீவியின் குரல் வந்தது. "யக்கா, மறுபடியும் ஆரம்பிச்சிட்டாரு போலுக்கே! போய்ச் சொல்லுவமா? இல்ல, கயிறு அந்துட்டா? இங்கன இருந்து வேம்பு மறைக்குது, கொஞ்சம் எட்டிப் பாருங்களேன்."

"எனக்குத் தெரியலட்டி" என்றாள் ஜெபகனி.

சேலையை எடுத்து, தண்ணீரில் முக்கி, துவைகல்லில் ஓங்கி அடித்தாள். பிறகு கையை நிறுத்திக்கொண்டு, அடுத்த டொக்குக்குக் காத்திருந்தாள்.